நமீபியா வேட்டை: என் 30-06க்கு எந்தத் தோட்டா?

குகன்_எட்மன்டன் | பிப்ரவரி 11

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜூனில் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறேன். ஆப்பிரிக்கா எனக்கு முதல் தடவை. பதினைந்து வருடமாக ஆல்பர்ட்டாவில் வெள்ளைவால் மான் சுடுகிறேன், இரண்டு முறை மூஸும் (அங்கத்துப் பெரிய மான்) கிடைத்தது. கையில் இருப்பது ஒரேயொரு ரைபிள், 30-06 என்ற தோட்டா அளவுக்கானது. மானுக்கு 150 கிரெய்ன் (குண்டின் எடை, பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு) சாதாரண மென்முனைத் தோட்டா, அதாவது முனையில் ஈயம் வெளியே தெரிவது, பாவிக்கிறேன். இன்றுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

பண்ணைக்காரர் தந்த பட்டியலில் குடு, ஜெம்ஸ்பாக், நீல வில்டபீஸ்ட், ஸ்பிரிங்பாக் என்ற மான் வகைகளும் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றியும் இருக்கின்றன. "ஈலண்ட் கண்ணில் பட்டால் அதையும் பார்க்கலாம்" என்கிறார். நாற்பது கிலோ ஸ்பிரிங்பாக்குக்கும் எழுநூறு கிலோ ஈலண்டுக்கும் ஒரே தோட்டாவா? இல்லை இரண்டு வகை எடுத்துப் போக வேண்டுமா? இங்கே கடைக்காரர் இதைவிட வேகமும் உதையும் கூடிய .300 வின்செஸ்டர் மேக்னம் ரைபிள் வாங்காமல் போகாதே என்கிறார். எனக்கு மேக்னம் சுட்டுப் பழக்கமில்லை. அங்கே சுட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


விண்ட்ஹூக்வாசி | பிப்ரவரி 11

வாங்க குகன். நான் இங்கே நமீபியாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், வருடத்துக்கு நாலைந்து விலங்கு வீட்டுக் கறிக்காகச் சுடுவேன்.

மேக்னம் வேண்டாம். பழகாத துப்பாக்கியோடு இவ்வளவு தூரம் வராதீர்கள். இந்த நாட்டுச் சட்டம் குழல்வாயில் குண்டுக்கு எவ்வளவு ஆற்றல் என்று பார்க்கிறது. ஸ்பிரிங்பாக் மாதிரிச் சின்னவற்றுக்கு 1350 ஜூல். ஹார்ட்டிபீஸ்ட், வில்டபீஸ்ட், ஜெம்ஸ்பாக், குடு, ஈலண்ட் இவற்றுக்கெல்லாம் 2700 ஜூல். எருமைக்கும் யானைக்கும் 5400. 180 கிரெய்ன் என்பது 11.7 கிராம். அதை 30-06 விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் தள்ளும். கணக்குப் போட்டால் 3900 ஜூல் வருகிறது. அந்தக் காலத்து 7×57 மவுசரே மூவாயிரத்தைத் தொட்டுவிடும். (சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி இதே 7×57தான்.) மாட்டிக்கொள்வது .243 வைத்திருப்பவர்கள். 100 கிரெய்ன் குண்டோடு அது 2600 சொச்சத்தில் நின்றுவிடுகிறது.

ஆக, ரைபிள் சரி. நான் வேண்டாம் என்பது உங்கள் 150 கிரெய்ன் மென்முனையைத்தான். நூறு கிலோ வெள்ளைவால் மானின் விலாவில் பட்டால் அது அருமையாக வேலை செய்யும். ஜெம்ஸ்பாக் இருநூறு கிலோவுக்கு மேல் போகும், கழுத்திலும் தோளிலும் தோல் தடியாக இருக்கும். இங்கே நாம் சுடுவதோ தோளையே.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தோளுக்குப் பின்னால், விலா நடுவில் குறி வைக்கிறார்கள். அங்கே அப்படித்தான் பழகியிருக்கிறது. இங்கத்து விலங்குகளுக்கு இதயமும் நுரையீரலும் நீங்கள் நினைப்பதைவிட முன்னாலும் கீழாகவும் இருக்கும், இரண்டு முன்சப்பைக்கும் நடுவே. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலே போக வேண்டாம். ஜெம்ஸ்பாக்குக்கும் வில்டபீஸ்ட்டுக்கும் தோளுக்கு மேல் ஒரு திமில் மாதிரித் தெரியும். உள்ளே இருப்பது முதுகெலும்பிலிருந்து நீண்டு நிற்கும் முள்ளெலும்பு. அங்கே பட்டால் விலங்கு அப்படியே விழும். நீங்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடிவிடும், அதற்குப் பிறகு பார்க்கவே முடியாது.

தோளைச் சுடுவதால், எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகிற குண்டு வேண்டும். 180 கிரெய்னில் நோஸ்லர் பார்ட்டிஷன், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், நோர்மா ஓரிக்ஸ், எது உங்கள் கடையில் கிடைக்கிறதோ அது. ஈயமில்லாத முழுச் செம்பு என்றால் பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் 168. பட்டியலில் உள்ள பெரிய விலங்குக்குக் குண்டைத் தேர்ந்தெடுங்கள். அதே குண்டு ஸ்பிரிங்பாக்கையும் வீழ்த்தும், கறியும் குறைவாகவே வீணாகும். இரண்டு வகை எடுத்து வந்தால் இரண்டும் வேறு வேறு இடத்தில் அடிக்கும். அவசரத்தில் எதைப் போட்டோம் என்று நினைவிருக்காது.


மாறன்_பிரிட்டோரியா | பிப்ரவரி 12

கொஞ்சம் மாறுபடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ முட்புதரில் எழுபது எண்பது மீட்டரில் சுடுகிறவருக்கு 30-06 சரி. நமீபியாவின் தெற்கில் திறந்த வெளி. ஸ்பிரிங்பாக் 250 மீட்டரில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு அடி கூட நெருங்க விடாது. அந்தத் தூரத்தில் .300 மேக்னத்தின் தட்டையான பாதை பெரிய உதவி. நான் ஏழு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். காற்றிலும் குறைவாகத்தான் விலகும். பழகாததுதான் பிரச்சினை என்றால் ஜூனுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறதே, பழகிக்கொள்ளலாம்.


விண்ட்ஹூக்வாசி | பிப்ரவரி 12

மாறன், உங்கள் கையில் அது சரியாக இருக்கும், சந்தேகமில்லை. நான் பயப்படுவது மேக்னத்தோடு சாதாரணக் குண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்துத்தான். நடந்ததையே சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நண்பரின் பண்ணைக்கு ஒரு விருந்தாளி வந்தார். .300 மேக்னம், 150 கிரெய்ன், வேகமாகப் போய் வேகமாக விரியும் குண்டு. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, மானுக்கென்று விற்கிற சரக்கு. முதல் நாள் சாயங்காலம் எழுபது மீட்டரில் ஒரு ஜெம்ஸ்பாக், கொஞ்சம் முன்பக்கம் திரும்பி நின்றது. தோளில் சரியாகவே சுட்டார், நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசி தெறித்தது. விலங்கு ஒரு முறை குலுங்கிவிட்டு மூன்று காலில் ஓடியது.

இருட்டும் வரை ஆறு கிலோமீட்டர் தடம் பார்த்தோம். முதலில் கை அகலத்துக்கு ரத்தம், பிறகு புல் நுனியில் சொட்டு, பிறகு ஒன்றுமில்லை. தடம் பார்க்கிறவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு கருவேல மரத்தடியில் படுத்திருந்ததைக் கண்டோம். உயிரோடுதான் இருந்தது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு எழப் பார்த்தது.

தோலை உரித்தபோது சப்பை முழுவதும் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, அதில் உடைந்த எலும்புத் துணுக்கு, நகம் வெட்டிப் போட்ட மாதிரிச் செம்பு உறைத் துண்டுகள், சாம்பல் நிறத்தில் ஈயப் பொடி. விலா எலும்பைக் குண்டு தாண்டவே இல்லை. நுரையீரல் இளஞ்சிவப்பாக, ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது. அந்த வேகத்தில் அந்தத் தூரத்தில் அந்தக் குண்டால் தாங்க முடியவில்லை. அதே குண்டு முந்நூறு மீட்டரில் வேகம் குறைந்து போயிருந்தால் ஒருவேளை சரியாக வேலை செய்திருக்கும்.

ரத்தம் சிந்திவிட்டால் விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். அந்த விருந்தாளி காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முழுதும் துப்பாக்கியைத் தொடவே இல்லை.


லேத்_பட்டறை | பிப்ரவரி 13

நான் வேட்டைக்காரன் இல்லை. கோவையில் லேத் வைத்திருக்கிறேன், உலோகம்தான் என் பிழைப்பு. குண்டு ஏன் உடைகிறது, ஏன் உடையாமல் இருக்கிறது என்பதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சாதாரணக் குண்டு என்பது மெல்லிய செம்புக் கலவை உறைக்குள் ஈயத்தை அழுத்தி வைத்தது. உறைக்கும் ஈயத்துக்கும் ஒட்டு கிடையாது, கிண்ணத்தில் களி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எலும்பில் வேகமாக மோதினால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். இதற்கு மூன்று தீர்வு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒன்று, நடுவில் சுவர் வைப்பது. கனடாவில் மூஸ் சுடப் போன ஜான் நோஸ்லர், தன் குண்டு தோலிலேயே சிதறி உள்ளே போகாததைப் பார்த்துவிட்டு வந்து செய்ததுதான் பார்ட்டிஷன். 1948 முதல் விற்பனையில் இருக்கிறது. நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உறை ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். முன் அறையில் உள்ள ஈயம் விரிந்து கரையும், பின் அறை அப்படியே கட்டியாகத் தள்ளிக்கொண்டு போகும். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வேலைப்பாட்டை யாரும் ஒதுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது.

இரண்டு, ஈயத்தை உறையோடு பற்றவைத்துவிடுவது. நோர்மா ஓரிக்ஸ் அப்படி. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமில் சுவரும் உண்டு, பற்றவைப்பும் உண்டு.

மூன்று, ஈயமே இல்லாமல் முழுச் செம்பு. முனையில் ஒரு குழி, அதைச் சுற்றி உள்ளே வெட்டு. ஈரமான உடம்பில் மோதியதும் குழிக்குள் அழுத்தம் ஏறி நாலு இதழாக விரியும். நம் ஊர் இட்லிப்பூ மாதிரி இருக்கும். எடை ஏறக்குறைய முழுவதும் மிஞ்சும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும், தோட்டாவுக்குள் வெடிமருந்தின் இடத்தையும் பிடிக்கும். ஈயத்தில் 180 போடுகிறவர் செம்பில் 168 அல்லது 150க்கு இறங்குவது அதனால்தான். இன்னொன்று, செம்பு கெட்டி, விரிவதற்கு வேகம் வேண்டும். விநாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே போனால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரியாமல் ஊசி மாதிரிக் கடந்துவிடும். 30-06இல் 168 போட்டால் முந்நூறு மீட்டர் வரை கவலை இல்லை.


முல்லைக்கொடி | பிப்ரவரி 13

நான் நீலகிரிக்காரி. வேட்டை எனக்கு ஒப்பாது, அதை மறைக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவள் நான், துப்பாக்கிச் சத்தமில்லாத காட்டைப் பார்த்தே பழகியவள். ஆனாலும் அந்த ஜெம்ஸ்பாக் கதையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அது அந்த மரத்தடியில் கிடந்திருக்கிறது. சுடுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து குகன், இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் எப்படி அருகிப்போயின என்று எல்லோருக்கும் தெரியும், மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால். ஆப்பிரிக்காவிலும் வெண்முதுகுப் பாறு அழிவின் விளிம்பில் இருக்கிறது. அங்கே விஷம் வைப்பதுதான் பெரிய எமன் என்றாலும், போட்ஸ்வானாவில் பாறுகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு, அதை வேட்டையோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். சுட்ட இடத்தில் விட்டுப் போகும் குடலிலும் சிதைந்த கறியிலும் இருக்கும் ஈயப் பொடி நேராக அவற்றின் வயிற்றுக்குப் போகிறது. செம்பு இருக்கும்போது ஈயம் எதற்கு?


விண்ட்ஹூக்வாசி | பிப்ரவரி 14

முல்லைக்கொடி, நியாயமான கேள்வி. இந்த வருடம் நானே செம்புக்கு மாறிவிட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் அந்தக் கறியைத்தான் தின்கிறார்கள். பில்டாங் போடும்போது, நம் உப்புக்கண்டம் மாதிரிதான், வினிகரும் கொத்தமல்லி விதையும் சேர்ப்பார்கள், துண்டு துண்டாக வெட்டுகையில் ஈயத் துணுக்கு கத்தியில் கரகரத்த அனுபவம் எனக்கு உண்டு.

குகனுக்கு ஒரு எச்சரிக்கை. கெட்டிக் குண்டு பெரும்பாலும் மறுபக்கம் துளைத்து வெளியே போகும். வில்டபீஸ்ட் கூட்டமாக நிற்கும். உங்கள் விலங்குக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடாதீர்கள். வழிகாட்டி "பொறு" என்றால் பொறுக்க வேண்டும்.


தென்கரை_மெல்பர்ன் | பிப்ரவரி 16

நான் விக்டோரியா மலையில் சாம்பர் சுடுகிறவன். நம் மிளாதான், 1860களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இலங்கைத் தமிழில் மரை என்பார்கள். இரண்டு வருடம் முன்பு லிம்போப்போ போய் வந்தேன், 180 கிரெய்ன், ஒட்டிய ஈயம், .308. ஏழு விலங்கு, எட்டுத் தோட்டா.

எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்று பெட்டி வாங்கினால் மூன்றிலும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொகுதி மாறினால் குண்டு விழும் இடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்வதை நானே அட்டையில் பார்த்திருக்கிறேன். விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. அறுபது தோட்டா இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும், அதற்கு மேல் தேவைப்படாது. தொழிற்சாலை அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குள் தோட்டா வைக்க விடாத விமான நிறுவனங்கள் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை மார்ச்சோடு நிறுத்திவிடுங்கள். அங்கே நின்றபடி, மூன்று கால் கம்பில் சாய்த்துத்தான் சுட வேண்டும். மூன்று மூங்கில் கழியை மேலே சைக்கிள் டியூபால் கட்டினால் போதும். நான் தினமும் இரவு வீட்டுக் கூடத்தில் வெறும் துப்பாக்கியோடு இருபது முறை ஏற்றி இறக்கிப் பழகினேன்.


குகன்_எட்மன்டன் | ஏப்ரல் 6

எல்லோருக்கும் நன்றி. முல்லைக்கொடி சொன்னதைப் படித்துச் செம்பையே முதலில் வாங்கினேன், 168 கிரெய்ன். குழலில் இருந்த பழைய செம்புப் படிவை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டுச் சுட்டேன். என் ரைபிளுக்கு அது ஒத்துவரவில்லை. நூறு மீட்டரில் மூன்று ரவையும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது. மூன்று நாள் வேறு வேறாகச் சுட்டுப் பார்த்தேன், அதே கதை. 180 பார்ட்டிஷன் போட்டதும் மூன்றும் ஒரு இரண்டு டாலர் காசுக்குள் அடங்கியது. மனம் செம்பில் இருந்தாலும் பார்ட்டிஷனைத்தான் எடுத்துப் போகிறேன். இருநூறு மீட்டருக்குச் சரிசெய்திருக்கிறேன், நூறில் ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே அடிக்கிறது. முந்நூறில் ஒரு சாண் இறங்கும், அவ்வளவு தூரம் சுடுவதாக இல்லை.


மாறன்_பிரிட்டோரியா | ஏப்ரல் 6

நல்ல முடிவு. எந்தக் குண்டு என்பதை உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும். நானும் என் மேக்னத்துக்கு ஒட்டிய குண்டுக்கு மாறிவிட்டேன், விண்ட்ஹூக்வாசியின் கதை மனதைவிட்டுப் போகவில்லை.


குகன்_எட்மன்டன் | ஜூலை 2

திரும்பி வந்து ஐந்து நாள் ஆகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் விலங்கு நீல வில்டபீஸ்ட், 120 மீட்டர். பழக்கதோஷம். நாலு மாதம் படித்தும், விலங்கைப் பார்த்ததும் கண் தானாகத் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. நுரையீரலின் பின்நுனியும் ஈரலும் பட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் தடம் பார்த்தோம். தடம் பார்த்தவர் அந்நாட்டு டமாரா இனத்து வயதான மனிதர். ஓர் இடத்தில் குனிந்து, ஒரு சிறு இலையைத் திருப்பிக் காட்டினார், அடியில் கறுஞ்சிவப்பாக ஒரு சொட்டு. நான் அதை மிதித்துக்கொண்டு போயிருப்பேன். கடைசியில் இன்னொரு ரவையில் முடிந்தது. குண்டில் ஒரு குறையும் இல்லை, குறி வைத்த இடம்தான் பிழை. அன்று இரவு படுக்கையில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முன்னங்காலின் குளம்பிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏறினேன். ஜெம்ஸ்பாக் 140 மீட்டர், தோள். நாற்பது அடி ஓடி விழுந்தது. தோல் உரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, கத்தி முனையால் கீறியதும் குண்டு வெளியே வந்து கையில் விழுந்தது. இரண்டு சப்பை எலும்பையும் தாண்டியிருக்கிறது. குடுவில் துளைத்து வெளியே போய்விட்டது, நின்ற இடத்திலேயே முட்டி மடங்கியது. ஸ்பிரிங்பாக்கில் உள்ளே போன ஓட்டை விரல் அளவு, வெளியே வந்தது கோலிக்குண்டு அளவு. கறி கொஞ்சமும் கெடவில்லை. வார்ட்ஹாக்குக்கு மேலால் சுட்டுத் தவறவிட்டேன்.

ஈலண்ட் கடைசி நாள் கண்ணில் பட்டது, 220 மீட்டர், அரைவாசி திரும்பி நின்றது. வழிகாட்டி சுடலாம் என்றார். அந்தக் கோணத்தில், அந்தத் தூரத்தில், அந்த உடம்புக்கு என்னால் சரியாகச் சுட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பை மடக்கிவிட்டேன்.

முல்லைக்கொடி, உங்களுக்காக ஒன்று. ஈயம்தான் கொண்டுபோயிருக்கிறேன் என்று முதல் நாளே பண்ணைக்காரரிடம் சொன்னேன். குடலும் இரைப்பையும் கழுவி வேலையாட்களின் வீட்டுக்குப் போனது. காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறியை வெட்டி எடுத்து ஆழமாகப் புதைத்தோம். வெளியில் எதையும் விடவில்லை. பாறுகளை மூன்றாம் நாள் பார்த்தேன், மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன.


முல்லைக்கொடி | ஜூலை 2

புதைத்ததற்கு நன்றி குகன். அந்த ஈலண்டை விட்டதற்கும்.


லேத்_பட்டறை | ஜூலை 3

அந்தக் குண்டை வைத்திருக்கிறீர்களா? எடை போட்டீர்களா? விரிந்த அகலம் எவ்வளவு?


குகன்_எட்மன்டன் | ஜூலை 3

வைத்திருக்கிறேன் அண்ணை. ரத்தம் கழுவி, தோட்டா நிரப்பும் நண்பரின் தராசில் வைத்தோம். 180 கிரெய்ன் போனது, திரும்பி வந்தது 121. அகலத்தை வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன், ஒரு பக்கம் 15 மில்லிமீட்டர், மறுபக்கம் 14. முன் அறையில் ஈயம் ஒரு துளியும் இல்லை, உறை பின்னால் சுருண்டு நடுச்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. பின் அறை கொஞ்சம் புடைத்திருக்கிறது, மற்றபடி பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கிறது. இன்று மாலை வெளிச்சம் நன்றாக இருந்தால் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுகிறேன்.